பரணில் இருந்து இறங்கிய சீட்டு

டிசம்பர் பிறந்தால் போதும், குடும்பத்தோடு தொடங்க வேண்டிய புதிய கிறிஸ்துமஸ் மரபுகள் என்று பட்டியல் பட்டியலாக வந்து விழும். எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுங்கள், 24 நாளைக்கு 24 பரிசுப் பொட்டலம் கட்டுங்கள்... அதெல்லாம் சரி, யார் கட்டுவது? ஒரு வருஷம் நாங்களும் இறங்கினோம். ஒன்பதாம் நாளோடு பொட்டலம் நின்றுபோனது. கட்டிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் ஒரே ஆளின் தலையில் விடியும் எதற்கும் மரபு என்று பெயர் வைக்காதீர்கள், அது வேலை.

திட்டம் போட்டு மரபை உருவாக்க முடியாது என்பது என் கட்சி. இன்று ஆலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்காக நான்கு மெழுகுவர்த்தியோடு வைக்கிறோமே திருவருகைக்கால வளையம், அது எப்படி வந்தது? 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் விஹெர்ன் என்ற போதகரை, "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பிள்ளைகள் தினமும் துளைத்தெடுத்தார்கள். அவர் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாளுக்குச் சின்னது என்று நட்டுவைத்தார். எண்ணிக்கொள்ளட்டும், அவ்வளவுதான். வாழ்த்து அட்டையும் அப்படித்தான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லை. ஓவியர் ஒருவரை வரையச் சொல்லி அட்டையாக அச்சடித்துவிட்டார். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்ட ஒரே புது வழக்கமும் யாரும் யோசித்து வந்ததல்ல.

அப்பா போன வருஷம் அது. ஆகஸ்டில் போனார். டிசம்பரில் யாருக்கும் எதையும் தொட மனசில்லை. சின்னவன்தான் ஸ்டார் மட்டுமாவது கட்டுவோம் என்று விடாமல் கேட்டான். பரணில் இருந்து பெட்டியை இறக்கித் திறந்தால், மேலாகவே ஒரு மாத்திரை அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. முந்தைய வருஷம் எல்லாம் கழற்றி வைத்தபோது எழுதியிருக்கிறார்.

"பச்சை வயர் சீரியல் பாதிதான் எரிகிறது. ஸ்டாரை அவசரமாக மடித்து முனையைக் கிழிக்காதே. ஆணி கதவுக்கு மேலேயே இருக்கிறது, புதிதாக அடிக்க வேண்டாம்."

அவ்வளவுதான். வாழ்த்து இல்லை, ஆசீர்வாதம் இல்லை. கிழிக்காதே என்றது என்னைத்தான், வேறு யாரை. எழுந்துபோய் நிலைக்கு மேலே தடவிப் பார்த்தேன். ஆணி இருந்தது.

ஜனவரியில் பெட்டியைக் கட்டும்போது சின்னவன் கேட்டான்: "அடுத்த வருஷத்துக்கு நாம எழுத வேண்டாமா?" எழுதினோம். ஐந்து வருஷமாக எழுதுகிறோம். எழுதியதை மற்றவருக்குக் காட்டக் கூடாது, அடுத்த டிசம்பர்வரை திறக்கக் கூடாது. பாதிக்கு மேல் புகார்தான் இருக்கும். "குடிலில் ஆட்டைத் தொலைத்தது நான் இல்லை" என்று ஒரு வருஷம். மூத்தவள் பதிமூன்று வயதில் "எழுத ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதிப் போட்டாள். மறுவருஷம் அதைப் படித்து அதிகம் சிரித்தவளும் அவள்தான்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் இரண்டு வீட்டு வழக்கத்தையும் இழுத்துக்கொண்டு தவிப்பதைப் பார்க்கிறேன். நான் பிறந்த வீட்டில் பரிசு பிரிப்பது காலையில், கணவர் வீட்டில் முந்தின இரவு. மூன்று வருஷம் சண்டை போட்டோம். இப்போது யாருக்குத் தூக்கம் வரவில்லையோ அவர்கள் இரவே பிரித்துக்கொள்ளலாம். பிடிக்காத வழக்கத்தை விட்டுவிடுவதற்கும் பண்டிகையில் இடம் உண்டு. யாரும் வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை.

இந்த வருஷமும் பெட்டி இறங்கியாயிற்று. அப்பாவின் அட்டை அடியில் போய்விடாமல் மேலேயே வைத்திருக்கிறேன். பச்சை வயர் சீரியலை யாரும் தூக்கிப்போடவில்லை. பாதிதான் எரிகிறது.