அப்பத்தா கேட்டது வீடு

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். கிராம சபையில் வீடு கேட்டு மனு கொடுத்த அப்பத்தாவுக்கு ஆபீசர் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும், வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதன் கீழே நம்ம கடற்கரைக்காரர்களே "அந்த ஆபீசர் சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டிருப்பதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் சொன்னது இதுதான்: "பிள்ளைங்க ரெண்டையும் காப்பகத்துல சேர்த்துருங்கம்மா, நான் லெட்டர் தர்றேன்." அப்பத்தா கேட்டது வீடு. காப்பகம் கேட்கவில்லை. கருவாடு விற்றுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறவள், மழைக்கு ஒழுகாத ஒரு கூரை கேட்டு மனு கொடுத்தாள். கூரையைத் தர முடியாது, பிள்ளைகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள்.

வீடு ஏன் கிடைக்காதாம்? மனை பிள்ளைகளின் அப்பா பேரில் இருக்கிறது. அவர் 2 வருஷத்துக்கு முன்னால் வத்தையில், சின்னப் படகில், கடலுக்குப் போனவர், வரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்று இல்லை. அது இல்லாமல் வாரிசுச் சான்று கிடையாது, வாரிசுச் சான்று இல்லாமல் பட்டா மாறாது, பட்டா இல்லாமல் குடிசைக்காரர்கள் வீடு கட்ட அரசு பணம் தரும் கனவு இல்லம் கிடையாது. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ள 7 வருஷம் ஆக வேண்டும். பையனுக்கு இப்போது 13. மிச்சம் 5 வருஷமும் ஓடிக் காகிதம் கைக்கு வரும்போது அவனுக்கு 18. அப்போது அவன் குழந்தைக் கணக்கிலேயே வர மாட்டான். கணக்குப் போட்டவர் கையைக் கும்பிட வேண்டும்.

2017-இல் ஒக்கிப் புயலில் குமரிப் பக்கம் காணாமல் போனவர்களின் குடும்பங்களை 7 வருஷம் காக்க வைக்காமல்தானே நிவாரணம் கொடுத்தார்கள்? மனசு இருந்தால் விதியை வளைக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? மொத்தமாகப் போனால்தான் கண்ணில் படும் போலிருக்கிறது. ஒத்தை வத்தையில் ஒரு ஆள் போனால் 7 வருஷம்.

உதவியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000. நல்ல திட்டங்கள்தான். அரிசி, நோட்டு, யூனிபார்ம் எல்லாம் அதில் ஆகும். கூரை ஆகாது. கூரைக்கென்று இருப்பது கனவு இல்லம்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம். அதற்குத்தான் பட்டா வேண்டும். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தில் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அதில் முதலில் வருவதே வீடு வாசலும் பிழைக்க வழியும் இல்லாத குழந்தைதான். காப்பகம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நம்ம ஊரில் கடைசி வழிதான் முதலில் வாய்க்கு வருகிறது.

"காப்பகத்துல மூணு வேளை சோறு, நல்ல படிப்பு" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, நான் அந்தச் சோறு தின்றவள். அம்மா போனபிறகு என்னைப் பெண்கள் இல்லத்திலும் என் அண்ணனைப் பையன்கள் இல்லத்திலும் சேர்த்தார்கள். இரண்டும் வேறு வேறு ஊர். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். முழுப்பரீட்சை லீவில் அம்மாச்சி வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றான். எல்லோரையும் மரியாதையாகப் பேசச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். என்னை "ஏய் மூக்கி" என்று கூப்பிட்டவன். இன்றைக்கும் போனில் "நல்லா இருக்கீங்களா" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

இந்தப் பிள்ளைகளும் அண்ணன் தங்கைதான். அவளுக்கு 9 வயது.

அடுத்தது, "வீடு கட்டிக் கொடுத்தா சொந்தக்காரன் பிடுங்கிக்குவான்." இதில் உண்மை இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் பட்டாவைப் பிள்ளைகள் பேரிலேயே, அப்பத்தாவைக் கார்டியனாகப் போட்டுக் கொடுங்கள் என்கிறோம். மைனர் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. திருடன் வருவான் என்று யாராவது வீடே கட்டாமல் இருக்கிறோமா?

"அரசியல் பண்ணாதே" என்றவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. "நீ என்ன செஞ்சே?" என்று கேட்ட தம்பிக்கு மட்டும் சொல்கிறேன். மனுவை எழுதியது நான். இரண்டு தடவை தாலுகா ஆபீஸ் வராந்தாவில் அப்பத்தாவோடு உட்கார்ந்திருந்ததும் நான்தான். நீ அன்றைக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். நல்ல தெளிவாக வந்திருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். அந்த அலுவலர் கெட்டவர் இல்லை, அவர் கையில் இருந்தது ஒரு லெட்டர்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னபோது அவர் அந்தச் சின்னப் பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், கடைசி வரை விடவில்லை. வீடியோவில் இருக்கிறது, பாருங்கள்.

வாடைக்காற்று எடுக்க இன்னும் நாள் அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடிசைக்கு ஓலை மாற்றப் போகிறோம். பனையோலை சொல்லியாயிற்று, மேலே ஏற இரண்டு பேர் இருக்கிறார்கள். கீழேயிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் போதாது.