வெள்ள நஷ்டம் ஒரு போகத்தோடு முடிவதில்லை

"வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போடும், அடுத்த போகத்தில் விளைச்சல் அள்ளும், நஷ்டம் ஒரு போகத்துக்குத்தான்" என்று சிலர் சொல்வதுண்டு. மெதுவாக ஏறி இறங்கும் ஆற்று வெள்ளத்துக்கு அது ஓரளவு சரி. கடும் வெள்ளம் அப்படியில்லை. வேகமாக வரும் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். வண்டலுக்குப் பதிலாக மணலையும் கல்லையும் குவித்துவிட்டுப் போவதும் உண்டு. அதை அள்ளி அப்புறப்படுத்தாமல் ஏர் பூட்ட முடியாது. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினால் மண்ணில் காற்றோட்டம் நின்று வேர் அழுகும், போட்ட தழைச்சத்தும் வீணாகும். சாதாரண நெல் ரகங்களே ஒரு வாரத்துக்கு மேல் முழுக்க மூழ்கிக் கிடந்தால் தப்புவது கடினம்.

பணக்கணக்கு இதைவிட மோசம். பாகிஸ்தானின் 2022 வெள்ளத்துக்குப் பின் அந்நாட்டு அரசும் உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகளும் மதிப்பிட்டபோது, வேளாண் துறையில் நேரடிச் சேதம் சுமார் 370 கோடி டாலர். வருமான இழப்பு முதலான தொடர் நஷ்டமோ 920 கோடி டாலருக்கு மேல். இரண்டு மடங்கைத் தாண்டுகிறது!

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் அறுவடைக்கு முன்பே கடனாக வாங்கிச் செலவழித்தவை. பயிர் போனாலும் கடன் நிற்கும், வட்டி ஏறும். மாட்டை விற்றுச் சமாளித்தால் பால் வருமானமும் போச்சு. நிலமில்லாத கூலியாட்களுக்கு அறுவடை வேலையே இருக்காது, பெரும்பாலும் பயிர் நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. அப்புறம், சந்தையில் விலை ஏறுகிறதே என்றால், விற்க விளைச்சல் மிஞ்சியவருக்குத்தான் அந்த விலை.