12°59′ என்பது 12.59 அல்ல

தீர்க்கரேகை, அட்சரேகை வித்தியாசங்களை 111-ஆல் பெருக்கி பிதாகரஸ் போட்டால் விமான தூரம் கிடைத்துவிடும் என்கிறது, இரு ஊர்களுக்கு இடையே விமான தூரம் கணக்கிடுவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சென்னை–மதுரைக்குப் பெரிய பிழை வராது. லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள், தெரியும்: தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு சென்னையில் 108 கி.மீ., அங்கே 69தான்.

உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரமே சரி. எக்செல்லில் சைன், கோசைனுக்குக் கோணத்தை ரேடியனாக (டிகிரி × π ÷ 180) மாற்றித்தான் கொடுக்க வேண்டும். டிகிரியை அப்படியே கொடுத்தால் விடை அபத்தமாக வரும், உடனே பிடித்துவிடலாம். பிடிபடாத தப்பு வேறு. சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தின் அட்சரேகை 12°59′, அதாவது 12 டிகிரி 59 நிமிடம்; ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதை 12.59 என்று அடித்துவிடுகிறார்கள். 59-ஐ 60-ஆல் வகுத்து 12.983 என்றல்லவா போட வேண்டும்! விமான நிலையம் 44 கி.மீ. தெற்கே, மாமல்லபுரம் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். விடை நம்பும்படி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் சென்னை–டெல்லி சுமார் 1,760. 1.852-ஆல் வகுத்தால் 950 கடல் மைல். பூமி துருவங்களில் சற்றே தட்டை என்பதையும் சேர்த்தால் 7, 8 கி.மீ. குறையும், பயணிக்கு அது தேவையில்லை.

உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடக் கூடுதல். சென்னையில் கிழக்கு நோக்கிய ஓடுபாதை 07-இல் கிளம்பும் டெல்லி விமானம் முதலில் கடல் பக்கம் போய்த்தான் வடக்கே திரும்பும்.