எருமை பேப்பர் படித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமை நூலகத்தில் நான் பிள்ளைகளுக்குக் கதை படித்தபோது நடந்ததும், அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடியதும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

நான் படித்துக் காட்டியது பதினாறு பக்கப் படக்கதை. 'தாத்தா பேப்பர் படிக்கிறார்' என்று எழுத்தில் இருக்கும். படத்திலோ தாத்தாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் எருமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். 'தாத்தா காபி குடிக்கிறார்.' எருமையின் மூக்கில் நுரை. பிள்ளைகள் "அது தாத்தா இல்ல, எருமை!" என்று கத்தினார்கள். காதில் விழாததுபோல் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இதற்குத்தான் 'பெரியவர்களை எருமை என்று சொல்லப் பழக்குகிறார்' என்றார்கள். 'இதில் என்ன நீதி இருக்கிறது, குழந்தைகளை முட்டாளாக்காதீர்கள்' என்றார்கள். இனி கருத்துள்ள புத்தகம் மட்டும் போதும் என்று நூலகத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கதையில் ஏமாறுவது யார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். எழுத்து ஏமாறுகிறது, படிக்கிற நான் ஏமாறுகிறேன். எழுத்தே தெரியாத மூன்று வயதுக் குழந்தை மட்டும் ஏமாறவில்லை. நாள் முழுக்க எல்லாரும் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். இங்கே அது நம்மைத் திருத்துகிறது. செருப்பு காலுக்கு உரியது என்று தெரியாத குழந்தைக்கு, தலையில் செருப்பைப் பார்த்தால் சிரிப்பு வராது. தெரிந்ததால்தான் சிரிக்கிறது.

ரஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கியின் மகள், இரண்டு வயதுகூட நிரம்பாதவள், ஒருநாள் ஓடி வந்து நாய் 'மியாவ்' என்று கத்துவதாகச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாளாம். எந்த விலங்கு எப்படிக் கத்தும் என்பது மனதில் உறுதியான பிறகுதான் குழந்தை அதைப் புரட்டிப் போட்டு விளையாடுகிறது என்று அவர் எழுதினார். அவரையும் விடவில்லை. முதலையைப் பற்றிய அவருடைய வேடிக்கைப் பாட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 1928இல் பிராவ்தா பத்திரிகையில் எழுதியவர் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா. இன்றைக்கும் அதே குற்றச்சாட்டுதான்.

'இதெல்லாம் வெளிநாட்டு மோகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தன் பெயரையே மறந்துபோன ஈயின் கதை எந்த நாட்டிலிருந்து வந்தது? கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா என்று ஊரெல்லாம் கேட்டுப் போய், கடைசியில் குதிரை கனைக்கும்போது 'ஈ' என்று கிடைக்குமே! அதில் என்ன நீதி? என் பாட்டி அதைச் சொல்லும்போது வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிடுவார். "பாட்டி, கொக்கை விட்டுட்டீங்க!" என்று நான் கத்த வேண்டும். "அப்படியா கண்ணு, வயசாயிடுச்சு" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அத்தனை பெயரையும் வரிசை தப்பாமல் சொல்ல எனக்கு வந்தது அப்படித்தான். பாட்டியின்மேல் மரியாதை குறைந்துவிட்டதா என்ன? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடர்கள் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவன் செத்துவிட்டான் என்று அழுவார்கள். அந்தக் கதை 1822இல் லண்டனில் அச்சானது, தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர்களுக்காக. அவர்கள் தமிழ் படிக்க வேடிக்கைக் கதை உதவலாம், நம் பிள்ளைக்கு உதவாதா?

ஒரு ஆட்சேபத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன். குண்டாக இருப்பவரை, கறுப்பாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரைக் காட்டிச் சிரிக்க வைக்கும் புத்தகங்கள் உண்டு. அவற்றை நான் தொடுவதில்லை. ஆய், குசு வந்தால் அசிங்கம் என்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது, அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தில் ஏதாவது கற்றுக்கொள்ள இருக்க வேண்டாமா என்கிறார்கள். கவலை புரிகிறது. ஆனால் நீதிக்கதை வாங்கிய வீடுகளில் அது அலமாரியிலேயே இருப்பதையும் பார்க்கிறேன். மறுபடி மறுபடி கேட்டு, மூலை கிழிந்து, செலோடேப் ஒட்டப்பட்டிருப்பது எருமைதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 'சொந்தமாகக் குழந்தை இல்லாதவருக்கு நம் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒருவர் எழுத, அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் வைத்திருந்தார்கள். அவர்களில் நான்கு பேருடைய பிள்ளைகள் என் மடியில் உட்கார்ந்து கதை கேட்டவர்கள். எனக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். உள்ளே வரும்போதே கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்காரும் யூகேஜி பிள்ளைகளைத் தெரியும். சிரிக்கலாமா என்று முதலில் அம்மா முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளைத் தெரியும். சனிக்கிழமை ஒரு குழந்தைகூட அப்படித் திரும்பிப் பார்க்கவில்லை.

நூலகத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் இடம், அவர்கள் முடிவு. இந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருப்பேன். பாய் இருக்கிறது, எருமையும் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரும் பிள்ளைகளை அனுப்பினால், அவர்களுக்கும் சேர்த்துத்தான் படிப்பேன்.