'அவனோட சேராதே' என்பதற்கு முன்னால்

பையன் தம் அடிக்கிறான் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் கேட்பது, "யாருடா பழக்கிவிட்டது?" அடுத்து வருவது, "இனிமே அவனோட சேராதே." இந்த இரண்டாவது பேச்சு பிள்ளையைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை.

பதினைந்து வயதில் யாரும் ருசிக்காக சிகரெட்டைத் தொடுவதில்லை. முதல் இழுப்பில் இருமல் வரும், தலை சுற்றும், சிலருக்குக் குமட்டும். அதன் பிறகும் இழுக்கிறான் என்றால், டியூஷன் முடிந்து பெட்டிக்கடை ஓரம் நிற்கும் நாலு பேர் நடுவில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். "டேய், ஒரே ஒரு பஃப்டா" என்று நீட்டுபவன், நேற்று சாப்பாட்டைப் பங்கு போட்டவன், கிரிக்கெட்டில் இவனை டீமில் சேர்த்துக்கொண்டவன். அவனிடம் வேண்டாம் என்று சொல்வது எத்தனை கஷ்டம் என்பதைப் பெரியவர்கள் நாம் மறந்துவிட்டோம். அப்புறம் நிகோடின் பார்த்துக்கொள்ளும். வளரும் மூளை அதற்குச் சீக்கிரம் அடிமையாகிவிடும். நண்பர்களுக்காகத் தொடங்கியது, அவர்கள் இல்லாத நேரத்திலும் கேட்கும்.

இந்த நிலையில் நட்பை விடச் சொன்னால் விட மாட்டான். நம்மிடம் உண்மை சொல்வதைத்தான் விடுவான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியளவு பள்ளிகளில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். உங்கள் வகுப்பில் யார் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்று 12, 13 வயதுப் பிள்ளைகளிடமே கேட்டார்கள். அவர்கள் காட்டியவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பத்து வாரம் அந்தப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்திலும் வீட்டுக்குப் போகும் வழியிலும் நண்பர்களிடம் இயல்பாகப் பேசினார்கள். மற்ற பள்ளிகளைவிட அங்கே புகைப்பழக்கம் குறைவாக இருந்தது என்று 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பள்ளிக்கு அடங்கின பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வகுப்பில் செல்வாக்குள்ள சேட்டைக்காரனையும் நம்பியிருக்கிறார்கள். நம் எட்டாம் வகுப்பில் அப்படி ஒருவனை நாம் நம்புவோமா?

கடைக்காரர்கள் விஷயத்தில் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது. 18 வயது ஆகாதவருக்கு சிகரெட் விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் சொல்கிறது. குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். ஆனாலும் சீருடையோடு நிற்கும் பையனுக்கு ஒற்றை சிகரெட் கிடைக்கிறது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் போட்டு என்ன பயன்? லூஸில் வாங்குபவன் கையில் பாக்கெட்டே வருவதில்லையே!

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் இரண்டைப் பற்றியும் கேட்கப் போகிறேன்: அந்தக் கடையைப் பற்றியும், அந்தப் பயிற்சியைப் பற்றியும். நீங்களும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேளுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிவிட்டது என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு ஆலோசனை தருகிறார்கள். கூப்பிடும்போது அந்த நண்பனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.