பாட்டு எண் எங்கே?

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று இணையத்தில் யாராவது கேட்டால் முதலில் வந்து விழுகிற பதில் இதுதான்: "எங்கேயோ படிச்ச ஞாபகம்." எங்கே ஐயா? புத்தகத்திலா, பொட்டலம் கட்டின தாளிலா? அடுத்தவர் கொஞ்சம் படித்தவர். "சங்க இலக்கியத்துலயே இருக்கே!" என்பார். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையுமாக 2381 பாடல்கள் கிடக்கின்றன. அதில் எது என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். வீடு எங்கே என்றால் "பூமியிலதான்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நூலின் பெயர், பாடல் எண், அடி எண். மூன்றே மூன்று. "புறநானூறு 192, முதல் அடி" என்று தட்ட எத்தனை விநாடி ஆகும்? அது இல்லாத பதிலை வைத்துக்கொண்டு கேட்டவர் என்ன செய்வார்? மறுபடி ஒன்றிலிருந்து தேடுவார். இன்னொருவர் அதே பதிலை நம்பிக் கட்டுரையே எழுதிவிடுவார். கொஞ்ச நாளில் அந்தக் கட்டுரை ஆதாரம் என்ற பெயரில் திரும்பி வரும். விக்கிப்பீடியாவில் ஒருவர் மேற்கோள் இல்லாமல் ஏற்றுவார், பத்திரிகை அதைப் பார்த்து எழுதும், பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியையே கொண்டுவந்து விக்கிப்பீடியாவில் மேற்கோளாகச் செருகுவார்கள். தன் நிழலையே சாட்சிக்குக் கூப்பிடுகிற வேலை.

நூற்பெயர் போடுகிறவர்களுக்கும் ஒரு வியாதி உண்டு. இணையத்தில் பல இடங்களில் பாட்டும் உரையும் ஒரே பக்கத்தில் இருக்கும். சொல்லைத் தேடுவார்கள், கண்ணில் படும், "பத்துப்பாட்டில் இருக்கிறது" என்று முரசறைந்துவிடுவார்கள். போய்ப் பார்த்தால் அது நச்சினார்க்கினியர் உரையில் வருகிற சொல். மனிதர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். பாட்டுக்கும் அவருக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஓடிவிட்டது. உரைக்காரர் தன் காலத்துச் சொல்லால் விளக்குவார், அதற்குத்தானே உரை! அந்தச் சொல்லைத் தூக்கிப் பாட்டுக்குள் போட்டால், ஒரு சொல்லின் வயது ஒரே பதிலில் ஆயிரம் ஆண்டு கூடிவிடுகிறது.

தொல்காப்பியத்துக்கு நூற்பா எண் மட்டும் போட்டாலும் போதாது. ஓர் உரையாசிரியர் ஒன்றாக வைத்த நூற்பாவை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார், எண் நகர்ந்துவிடும். இளம்பூரணர் உரையா, சேனாவரையர் உரையா, எது என்று சொல்லுங்கள். இயலின் பெயரையும் போடுங்கள். திருக்குறளிலும் இதே கூத்து. நாம் சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வைப்புமுறைப்படி வந்தவை. மணக்குடவர் உரையைத் திறந்தால் அதிகாரத்துக்குள்ளே வரிசை மாறியிருக்கும். எண்ணோடு முதல் இரண்டு சொற்களையும் எழுதிவிட்டால் தகராறே இல்லை.

அகராதி விஷயத்தில்தான் வயிறு எரிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டுகிறவர்கள் அந்த வரியில் இருக்கும் குட்டிக் குறிகளை மட்டும் கவனமாக விட்டுவிடுகிறார்கள். ஒரு பொருளுக்குப் பின்னால் "பிங்." என்று மட்டும் இருந்தால், அங்கே அதற்குக் காட்டியிருக்கும் ஆதாரம் பிங்கல நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூல் என்று அர்த்தம். யாராவது அந்தப் பொருளில் அந்தச் சொல்லை வைத்துப் பாட்டெழுதினார்களா என்பது தனிக்கேள்வி. "டபிள்யூ." என்றால் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியிலிருந்து எடுத்தது. "லோக்." என்றால் வட்டார வழக்கு. "ஒருவேளை" என்பதற்கு "பெர்ஹ்." என்று ஆங்கிலச் சுருக்கம் போட்டிருப்பார்கள், தொகுத்தவர்களே தயங்கி எழுதிய இடம் அது. அவர்கள் தயங்கினார்கள், நம்மவர் தயங்குவதில்லை. அந்த நான்கெழுத்துச் சுருக்கத்தை நறுக்கிவிட்டு "லெக்சிகனே சொல்லிவிட்டது" என்று மேசையைத் தட்டுகிறார். இன்னொன்று "சிஎஃப்." அதற்கு "ஒப்பிட்டுப் பார்" என்று பொருள். அதை "இதிலிருந்து வந்தது" என்று படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது?

படம் பிடித்துப் போடுகிறவர்கள் தனி ரகம். சொல் இருக்கும் நான்கு வரியை மட்டும் வெட்டிப் போடுவார்கள். புத்தகத்தின் பெயர் இல்லை, பக்க எண் இல்லை. எழுத்து வடிவத்தைப் பார்த்து "பழைய பதிப்பு மாதிரி இருக்கு" என்று நாம் ஜோசியம் பார்க்க வேண்டும். தலைப்புப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்தால் கை தேய்ந்துவிடுமா? ஆண்டு போடுகிறேன் பேர்வழி என்று மறுபதிப்பு ஆண்டைப் போடுகிறவரும் உண்டு. வின்சுலோ அகராதி 1862இல் வந்தது. நேற்று அச்சடித்த பிரதி கையில் இருக்கிறது என்பதற்காக அது நேற்றைய சாட்சி ஆகிவிடாது.

இப்போது காசுக்கு வருவோம். ஆங்கிலத்தின் "கேஷ்" நம் "காசு"தான் என்று ஒரு கூட்டம். கிடையவே கிடையாது என்று எதிர்க் கூட்டம். இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தும், அகராதியைத் திறக்காது. திறந்தால் அங்கே இரண்டு "கேஷ்" தனித்தனியாக நிற்கும். ரொக்கம் என்ற பொருளில் வருவது பெட்டியைக் குறித்த லத்தீன் "காப்சா"வின் வழி. இத்தாலியம், பிரெஞ்சு என்று நடந்து ஆங்கிலத்துக்குப் போனது. பணம் வைக்கும் பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தைக் குறித்த "கேஷ்" வேறு. அது போர்த்துக்கீசியர் வாய் வழியாக நம் காசிலிருந்து போனது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியான ஹாப்சன்-ஜாப்சனிலேயே இந்த நாணயக் "கேஷ்" நம் காசோடு சேர்த்துப் பேசப்பட்டிருக்கிறது. எந்த "கேஷ்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டால் சண்டையின் ருசி போய்விடுமே!

"ஒன்று"க்கும் ஆங்கில "ஒன்"னுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆங்கிலச் சொல் இன்று "வன்" என்று ஒலிக்கிறது, அந்த "வ" ஒலி பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அது "ஆன்". "ஒன்லி", "அலோன்" இரண்டிலும் பழைய ஒலியின் சுவடு இன்னும் இருக்கிறது. இன்றைய உச்சரிப்பை இன்றைய உச்சரிப்போடு வைத்து உறவு கொண்டாடுவது, இரண்டு பேர் ஒரே நிறச் சட்டை போட்டிருப்பதால் அண்ணன் தம்பி என்பது மாதிரி. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் "டாக்". ஆங்கிலத்திலிருந்து போனதில்லை, தற்செயல். அப்படியும் நடக்கும்.

தேடத் தெரியாமல் "இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறவர்களையும் விடக்கூடாது. "நாற்றம்" என்று முழுச் சொல்லைத் தட்டினால் "நாற்றத்து" எப்படி அகப்படும்? "நாற்ற" வரைக்கும் வெட்டித் தேடுங்கள். கல்லோடு தூண் சேர்ந்தால் கற்றூண். சந்தி பிரிக்காத பதிப்பில் "தூண்" என்று தேடிவிட்டுக் காணோம் என்றால் பதிப்பின் தப்பா? "ஔவை" கிடைக்கவில்லையா, "ஒ"வையும் "ள"வையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். பாதி இணையம் அப்படித்தான் தட்டி வைத்திருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் றா, னா, லை எல்லாம் வேறு வடிவம். ஸ்கேன் செய்து எழுத்தாக்கும் மென்பொருள் அங்கே உளறிவைக்கும். மூன்று விதமாகத் தேடி, எந்தப் பதிப்பில் தேடினோம் என்றும் சொல்லிவிட்டு "எனக்குக் கிடைக்கவில்லை" என்றால் அது உருப்படியான பதில். கும்பிடலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அப்படியே ஒட்டுகிறவர்கள் வந்ததிலிருந்து வேலை இரட்டிப்பாகிவிட்டது. அது தயங்காமல் எண்ணோடு சொல்லும், ஆசிரியப்பா மாதிரியே ஒரு வரியும் இட்டுக்கட்டும். புறநானூறு 437 என்றால் உடனே குப்பையில் போடலாம், அந்த நூலில் 400தான். 267 என்று வந்தாலும் அதே கதிதான், அந்தப் பாட்டே நமக்குக் கிடைக்கவில்லை. 143 என்று வந்தால்? திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒட்டுவதற்கு முன் நீங்கள் திறந்து பார்த்திருக்கலாமே சாமி!

கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நாற்றம்னா என்ன அர்த்தம்?" எங்கே பார்த்தீர்கள், எந்த வரி? குறள் 1274இல் "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்றால் மொட்டுக்குள் அடங்கிய நறுமணம். இன்று ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். வரியைத் தராமல் கேட்டால் பத்துப் பேர் பத்துக் காலத்துப் பொருளைச் சொல்வார்கள், பத்தும் சரியாகவே இருக்கும், கேட்டவருக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம் இந்த ஊகம். ஊகிப்பதில் ஒரு தப்பும் இல்லை. "இது என் ஊகம்" என்று முன்னால் மூன்று சொல் போடுங்கள், போதும். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பிய உரியியலே கைவிரித்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படாதாம். நம்மவருக்கு மட்டும் சொல்லை இரண்டாக உடைத்த மாத்திரத்தில் புலப்பட்டுவிடுகிறது. ஆதாரம் கேட்டால் தமிழ்ப் பற்று இல்லாதவன் என்ற பட்டம் வேறு.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு புண்ணியவான் வருவார். 700 பக்கம், 300 எம்பி, ஒரு பிடிஎஃப். கோப்பின் பெயர் "ஸ்கேன்_புதியது_2". கீழே ஒற்றை வரி: "இதுல எல்லாம் இருக்கு." மகராசன், நல்லா இருங்க. எந்தப் பக்கம்? அச்சில் உள்ள பக்க எண்ணா, முன்னுரைப் பக்கங்களையும் சேர்த்துப் பிடிஎஃப் காட்டுகிற எண்ணா?