செராமிக் என்றாலே சீக்கிரம் நிற்கும் என்பது சரியல்ல

"செராமிக் பிரேக் பேட் போட்டால் எந்த வண்டியும் முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும்" என்று சிலர் சொல்வதை நம்பி யாரும் வாங்கிவிடாதீர்கள். செராமிக்கின் பலம் வேறு: தூசியும் சத்தமும் குறைவு, பேட் அழுத்திப் பிடிக்கும் டிஸ்க்கும் பொதுவாக மெதுவாகத் தேயும்.

பிடிப்பைச் சொல்வது உராய்வுக் குறியீடு. அமெரிக்க முறைப்படி குறித்த பேடுகளில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு, அடுத்தது சூடேறிய பிறகு உள்ளது. 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. செராமிக்கிலும் 'எஃப்எஃப்' உண்டு, உலோகம் கலந்த செமி மெட்டாலிக்கிலும் உண்டு. ஆனால் இந்தக் குறியீடு சிறு துண்டை ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்துக் கொடுப்பது. எழுத்து அதிக உராய்வைக் காட்டினால் பேட் தரமானது என்று முடிவுகட்டவும் கூடாது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மாற்று பிரேக் பேடுகளுக்கான ஐரோப்பிய விதிப்படி தரப்படும் 'ஆர்90' முத்திரைதான். உங்கள் மாடலுக்கான அசல் பேடோடு ஒப்பிட்டு, செயல்திறன் 15 சதவீதத்துக்கு மேல் விலகவில்லை என்று சோதித்த பிறகே அது கிடைக்கும்.

பாரம் ஏற்றி நீண்ட மலையிறக்கத்தில் ஓட்டுபவர்களுக்குப் பல நேரங்களில் நல்ல செமி மெட்டாலிக்தான் பொருத்தம், சூட்டை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் கிரீச்சிடும், பரவாயில்லை. அப்புறம், எதை வாங்கினாலும் ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கலாம்.